வடம் அறுந்தாலும்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

இரவு 8:42

நான்: (படம்) பாப்பாவின் இங்கிலீஷ் பேப்பர். இரண்டு மார்க் போய்விட்டது. ‘வடம் அறுந்தது. தேர் நிலைக்கு வந்தது.’ இதைச் சேர்த்து எழுதச் சொன்னதற்கு, ‘ஆல்தோ தி ரோப் ஸ்நாப்ட், பட் தி கார் ரீச்ட் இட்ஸ் ப்ளேஸ்’ என்று எழுதியிருக்கிறாள். பாளை அத்தை, இதில் என்ன தப்பு?

சென்னைத் தம்பி: சரியாகத்தானே இருக்கிறது? ஓ, காருக்கு ஏது வடம் என்று கழித்துவிட்டார்களோ?

பாளை அத்தை: தேரைக் கார் என்று எழுதலாம், கார் ஃபெஸ்டிவல் என்று சொல்வதில்லையா? வெளியூர்க்காரன்தான் பெட்ரோல் போட்டீர்களா என்று கேட்பான். தப்பு அது இல்லை. ஆல்தோ வந்த வாக்கியத்தில் பட் வரக் கூடாது. ஏலே, நீ ஆபீஸ் மெயிலும் இப்படித்தான் எழுதுகிறாயா?

சென்னைத் தம்பி: அத்தை, பேச்சை மாற்றாதீர்கள்.

நான்: எனக்கும் பள்ளிக்கூடத்தில் இதே திட்டு விழுந்திருக்கிறது. தமிழில் யோசித்து எழுதுவதால் வருகிற தப்பு என்பார்கள்.

பாளை அத்தை: அதுதான் இல்லை. ‘வடம் அறுந்தாலும், ஆனால் தேர் வந்தது’ என்று நம் ஊரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? ஒன்று ‘அறுந்தாலும் வந்தது’, இல்லையென்றால் ‘அறுந்தது, ஆனாலும் வந்தது’. முப்பது வருஷம் இந்தப் பேப்பரைத்தான் திருத்தினேன். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். தமிழில் அந்த ‘உம்’ வினையின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. பேச்சு எந்த இடத்தில் திரும்புகிறதோ, சரியாக அங்கே. ஆல்தோ முதலிலேயே வந்து போய்விடுகிறது. திரும்புகிற இடத்தில் வெறும் கமாதான். பிள்ளைக்கு அங்கே ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். கை தானாக ஒரு ‘பட்’டைத் தேடும்.

நான்: அட. இப்படி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே.

அம்பைப் பெரியப்பா: அது சரி தங்கச்சி. ஆனால் ஒன்று. நன்னூல் உம்முக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. நமக்கு ஒரு சொல்லுக்கு எட்டு வேலை. இங்கிலீஷ்காரனுக்கு ஒரு வேலைக்கு எட்டுச் சொல்.

பாளை அத்தை: எட்டுச் சொல் இருப்பது தொல்லை இல்லை, அண்ணாச்சி. ஒவ்வொன்றும் தனக்குப் பின்னால் வேறு ஒன்றைக் கேட்கிறது. ஆல்தோவுக்குப் பின்னால் முழு வாக்கியம் வர வேண்டும். டிஸ்பைட்டுக்கு அது ஆகாது, பெயர்தான் வேண்டும். ‘டிஸ்பைட் தி ரோப் ஸ்நாப்ட்’ தப்பு. ‘டிஸ்பைட் தி ப்ரோக்கன் ரோப்’ சரி. வாக்கியம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் நடுவில் ‘தி ஃபேக்ட் தட்’ போட்டுக்கொள்.

சென்னைத் தம்பி: நான் ‘டிஸ்பைட் ஆஃப்’ என்று போடுவேன்.

பாளை அத்தை: தெரியும். ‘இன் ஸ்பைட் ஆஃப்’ என்பதில்தான் ஆஃப் உண்டு. டிஸ்பைட்டுக்குக் கிடையாது. பத்தாம் வகுப்பில் தோ, இன் ஸ்பைட் ஆஃப், பட் மூன்றையும் கட்டம் கட்டி உருப்போட்டவன்தானே நீ?

ஆச்சி (குரல் பதிவு, எழுத்தில் போட்டது நான்): ஏட்டி, ஸ்பைட்டு என்றால் என்ன?

பாளை அத்தை: வன்மம், அம்மா. டிஸ்பைட்டும் ஒரு காலத்தில் இளக்காரம் என்ற பொருளில் இருந்த சொல்தான். தடையை இளக்காரமாகப் பார்த்துவிட்டுப் போவது.

ஆச்சி (குரல் பதிவு): அப்படியென்றால் அது நல்ல சொல்தான்.

இரவு 9:10

சென்னைத் தம்பி: இன்னொரு சந்தேகம். மேனேஜர், ‘வேலை மெதுவாகப் போகிறது’ என்றார். நான், ‘ஆன் தி கான்ட்ரரி, டெஸ்டிங் நன்றாகப் போகிறது’ என்று பதில் போட்டேன். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பாளை அத்தை: எப்படிப் பேசுவார்? ‘நீர் சொல்வது தப்பு, உண்மை நேர்மாறு’ என்றல்லவா சொல்லியிருக்கிறாய்! நீ நினைத்தது ‘ஆன் தி அதர் ஹேண்ட்’. மறுவீட்டுச் சொதியை வைத்துச் சொல்கிறேன், உனக்குப் புரியும். ‘சொதியில் உப்புக் குறைவோ?’ என்று சம்பந்தி கேட்கிறார். ‘ஆன் தி கான்ட்ரரி, தூக்கலாக இருக்கிறது’ என்றால் அவர் சொன்னதையே மறுக்கிறாய். ‘சொதிக்கு வேலை அதிகம். ஆன் தி அதர் ஹேண்ட், கூட இஞ்சிப் பச்சடி இருந்தால் வேறு எதுவும் தேடாது’ என்றால் இரண்டும் உண்மை. யாரும் யாரையும் மறுக்கவில்லை.

சென்னைத் தம்பி: இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

பாளை அத்தை: ஹவெவருக்கும் ஒரு வார்த்தை. ‘பட்’டுக்கு முன்னால் கமா போதும், ஹவெவருக்குப் போதாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைத்துவிட்டு, அதற்கு அப்புறமும் ஒரு கமா. போதும், கை வலிக்கிறது.

அம்பைப் பெரியப்பா: எல்லாம் சொன்னாய், நாட்வித்ஸ்டேண்டிங்கை விட்டுவிட்டாய். பத்திரம் எழுதுகிற என்னைக் கேள். இங்கிலீஷ் பத்திரம் ‘வேர்ஆஸ்’ என்று தொடங்கும். அங்கே அதற்கு ‘ஆனால்’ என்ற பொருளே கிடையாது, ‘இப்படி இருக்கிறபடியால்’ என்று பொருள். அது கிடக்கட்டும். வித்ஸ்டேண்ட் என்றால் எதிர்த்து நிற்பது. நாட் சேர்ந்தால், எதிர்த்து நிற்காது. அரசியலமைப்பில் 343-வது பிரிவைப் பாருங்கள். முதல் கூறு, ஒன்றியத்தின் ஆட்சிமொழி இந்தி என்கிறது. இரண்டாவது கூறு தொடங்குவதே இந்தச் சொல்லில்தான்: முதல் கூறில் என்ன இருந்தாலும் 15 ஆண்டுகளுக்கு இங்கிலீஷ் தொடரும். 1950 ஜனவரி 26-இல் இருந்து எண்ணினால் 1965. அந்த வருஷம் இங்கே நடந்த மாணவர் போராட்டத்தைச் சொல்லவே வேண்டாம். அதற்கு முன்பே 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. அதன் 3-வது பிரிவும் அதே நாட்வித்ஸ்டேண்டிங்கில்தான் தொடங்குகிறது: அந்த 15 ஆண்டு முடிந்தாலும் இந்தியோடு கூட இங்கிலீஷும் தொடரலாம் என்று.

நான்: பெரியப்பா, இரண்டு தடவையும் அந்த ஒரே சொல்லா?

அம்பைப் பெரியப்பா: அதே சொல்தான். தடை இருக்கிறது, ஆனால் எடுபடாது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். தமிழில் ‘எது எப்படி இருந்தாலும்’ என்கிறோம். அங்கேயும் கடைசியில் உம்.

பாளை அத்தை: ஒன்று கவனித்தீர்களா அண்ணாச்சி? ‘தி ப்ரோக்கன் ரோப் நாட்வித்ஸ்டேண்டிங்’ என்று பெயருக்குப் பின்னாலும் அதைப் போடலாம். நம் உம் மாதிரியே.

அம்பைப் பெரியப்பா: அது சரி, ஆனால் பத்திரத்தில் அப்படிப் போட்டால் கட்சிக்காரன் பயந்துவிடுவான்.

இரவு 9:41

நான்: (இது பாப்பா. அம்மா போன்.) பாளை ஆச்சி, ‘டிஸ்பைட் அம்பைத் தாத்தா’ஸ் லாங் மெசேஜ், ஐ அண்டர்ஸ்டுட் எவ்ரிதிங்.’ சரியா?

பாளை அத்தை: இலக்கணம் சரி. செய்தியைத் தாத்தாவிடம் கேட்டுக்கொள்.

அம்பைப் பெரியப்பா: மறுக்கிறேன்.

ஆச்சி (குரல் பதிவு): போதும் உங்கள் இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமை யார் யார் வருகிறீர்கள்? சொதிக்குத் தேங்காய் எத்தனை என்று கடையில் சொல்ல வேண்டும்.

பாளை அத்தை: நாங்கள் இரண்டு பேர்.

அம்பைப் பெரியப்பா: நான் மட்டும்.

சென்னைத் தம்பி: நெல்லை எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் 14. இருந்தாலும் எனக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், ஆச்சி.