டிரெய்லர் பேட்டரியில் கட்-ஆஃப் சுவிட்ச் போட்டும் உள்ளே லைட் எரிகிறது, என்ன காரணம்?

ஒஹாயோவாசி:
எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது 24 அடி டிராவல் டிரெய்லர், டிரக்கின் பின்னால் இழுத்துப் போகும் வண்டி வீடு. கொலம்பஸுக்கு வெளியே ஒரு ஸ்டோரேஜ் இடத்தில் நிறுத்தியிருக்கிறோம். அங்கே பிளக் வசதி கிடையாது. எல்லா லைட்டையும் அணைத்துவிட்டுத்தான் வருகிறோம், ஆனாலும் இரண்டு வாரம் கழித்துப் போனால் பேட்டரி படுத்துக் கிடக்கிறது. கடைசியாக மீட்டர் வைத்தபோது 10.9 வோல்ட் காட்டியது.

அதனால் குமிழைத் திருப்பும் வகை கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று வாங்கினேன். நெகட்டிவ் போஸ்ட்டில் இருந்த தடித்த வெள்ளை ஒயரைக் கழற்றி நடுவில் சுவிட்சைப் போட்டாயிற்று. இப்போது ஆஃப் செய்தாலும் உள்ளே லைட் எரிகிறது, கேஸ் டிடெக்டரின் பச்சை விளக்கும் அணையவில்லை. சுவிட்சே பழுதா? மாற்றித்தான் ஆக வேண்டுமா?

டெக்சாஸ் தமிழ்:
சுவிட்சைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். டிரக்கையும் டிரெய்லரையும் இணைக்கும் 7-பின் பிளக் மாட்டியிருந்ததா? மாட்டியிருந்தால் டிரக்கிலிருந்தே உள்ளே கரண்ட் வரும். கூரையில் சோலார் பேனல் இருந்தாலும் இதே கதைதான்.

ஒஹாயோவாசி:
டிரக் பக்கத்திலேயே இல்லை, சோலாரும் கிடையாது. ஆனால் நெகட்டிவ் போஸ்ட்டில் இன்னொரு வெள்ளை ஒயரும் இருக்கிறது, கொஞ்சம் மெல்லியது. அதை நான் தொடவில்லை. அதனால் இருக்குமோ?

பழைய எலெக்ட்ரீஷியன்:
அதேதான் தம்பி. சுவிட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த இரண்டு வெள்ளை ஒயரில் ஒன்று இரும்புச் சட்டத்துக்கும் மற்றது உள்ளே கன்வெர்ட்டருக்கும் (வீட்டு கரண்டை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) போகும். உள்ளே அவை இரண்டும் எப்படியும் ஒன்றாகச் சேர்ந்துதான் இருக்கும். நீங்கள் ஒரு வாசலை அடைத்துவிட்டு இன்னொன்றைத் திறந்தே விட்டிருக்கிறீர்கள். இப்போது மொத்த கரண்டும் அந்த மெல்லிய ஒயர் வழியாகப் போகிறது. இந்த நிலையில் பக்கச் சுவரை வெளியே தள்ளும் ஸ்லைடு மோட்டாரை ஓட்ட வேண்டாம், ஒயர் சூடாகும்.

இரண்டு வெள்ளையையும் சுவிட்சுக்கு அந்தப் பக்கம் மாற்றினால் லைட் அணைந்துவிடும். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

உங்கள் வண்டியில் பிரேக்அவே சுவிட்ச் இருக்கும், மெல்லிய கம்பிக் கயிறு கட்டிய சின்னப் பெட்டி. ஓடும்போது டிரெய்லர் கழன்றுவிட்டால் அந்தக் கயிறு பின்னை இழுக்கும், உடனே டிரெய்லரின் சொந்த பேட்டரியிலிருந்து பிரேக் மேக்னெட்டுக்குக் கரண்ட் போய்ச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் கனமான டிரெய்லருக்கு இது கட்டாயம், குறைந்தது 15 நிமிடமாவது பிரேக் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கரண்ட் இரும்புச் சட்டம் வழியாகத்தான் நெகட்டிவுக்குத் திரும்புகிறது. நெகட்டிவை வெட்டி வைத்துவிட்டு, ஆன் செய்ய மறந்து ஹைவேயில் ஏறினால் பிரேக்அவே செத்த மாதிரிதான். பலர் நெகட்டிவில் போடுகிறார்கள், வீடியோக்களிலும் அப்படிச் சொல்கிறார்கள். மறக்க மாட்டேன் என்பதை நம்பி நான் பிரேக்கை விட மாட்டேன்.

பாசிட்டிவ் பக்கம் போடுங்கள். முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள், அப்புறம் பாசிட்டிவ். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் சட்டத்தில் பட்டு நெருப்புப் பறக்கும். திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இன்னொரு விஷயம், கார் பழக்கத்தில் கறுப்பு ஒயரை நெகட்டிவ் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த டிரெய்லர்களில் பெரும்பாலும் கறுப்புதான் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். மாற்றி மாட்டினால் கன்வெர்ட்டரில் இருக்கும் ரிவர்ஸ் போலாரிட்டி பியூஸ்கள் போய்விடும்.

டிரெய்லருக்குள் போகும் தடித்த கறுப்பு ஒயர் மட்டும் சுவிட்ச் வழியாகப் போகட்டும். பிரேக்அவே ஒயர் நேராக பேட்டரி போஸ்ட்டிலேயே இருக்க வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கி இறக்கும் எலெக்ட்ரிக் ஜாக்கின் ஒயரும் அங்கேயே இருக்கலாம், சும்மா நிற்கும்போது அது கரண்ட் இழுக்காது.

டெக்சாஸ் தமிழ்:
ஒன்று சேர்க்கிறேன். சில வண்டிகளில் பிரேக்அவே ஒயர் பேட்டரி வரை வராது. சட்டத்தில் உள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள் 7-பின்னின் சார்ஜ் ஒயரோடு முறுக்கிவிட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் பாசிட்டிவில் சுவிட்ச் போட்டாலும் பிரேக்அவே சேர்ந்து அறுந்துபோகும். பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

சுவிட்ச் எத்தனை ஆம்ப்? இன்வெர்ட்டர் இல்லையென்றால் 100 ஆம்ப் தொடர்ந்து தாங்குவது தாராளம். 2000 வாட் இன்வெர்ட்டர் இருந்தால் அது முழு லோடில் 170 ஆம்புக்கு மேல் இழுக்கும், 300 ஆம்ப் சுவிட்ச் வேண்டும்.

ஒஹாயோவாசி:
இன்வெர்ட்டர் இல்லை. சுவிட்ச் 275 ஆம்ப். பாக்ஸைத் திறந்தேன், நீங்கள் சொன்னபடியே பிரேக்அவே ஒயர் உள்ளேதான் இருந்தது. அதைப் பிரித்து, நுனியில் லக் (போஸ்ட்டில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, தனி ஒயராக பேட்டரி போஸ்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சுவிட்ச் இப்போது கறுப்பு ஒயரில், சட்டத்தில் இருக்கும் சின்ன சர்க்யூட் பிரேக்கருக்கு அடுத்து.

பாசிட்டிவ் வழியில் மீட்டரை நடுவில் வைத்துப் பார்த்தேன். சுவிட்ச் ஆனில் 0.4 ஆம்ப், ஆஃபில் 0.00. லைட், டிடெக்டர் எல்லாம் அணைந்தது!

பழைய எலெக்ட்ரீஷியன்:
அந்த 0.4 ஆம்ப்தான் உங்கள் திருடன். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 10 ஆம்ப்-அவர். 80 ஆம்ப்-அவர் பேட்டரி நாலே நாளில் பாதியாகிவிடும். கேஸ் டிடெக்டர், ரேடியோவின் மெமரி, பிரிட்ஜின் போர்டு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறவை.

பிரேக்அவேயைச் சோதித்தீர்களா? 7-பின்னைக் கழற்றிவிட்டு, சுவிட்சை ஆஃபில் வைத்துப் பின்னை இழுங்கள். சக்கரத்தருகே காதை வைத்தால் மேக்னெட் மெல்ல ரீங்கரிக்கும். சில நொடி போதும், பின்னைத் திரும்பச் செருகிவிடுங்கள்.

ஒஹாயோவாசி:
இழுத்தேன். நாலு சக்கரத்திலும் சத்தம் கேட்டது. ரொம்ப நன்றி அண்ணா.

கால்கரி அக்கா:
குறுக்கே கேட்கிறேன், மன்னியுங்கள். குளிர்காலம் முழுக்க சுவிட்சை ஆஃபில் போட்டு பேட்டரியை வெளியிலேயே விடலாமா? இங்கே கனடாவில் -30 டிகிரி வரை போகும்.

பழைய எலெக்ட்ரீஷியன்:
லெட் ஆசிட் பேட்டரி என்றால் முழுதாக சார்ஜ் செய்து, 12.6 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு விடலாம் அம்மா. முழு சார்ஜில் அந்தக் குளிரைத் தாங்கும். காலியான பேட்டரி -7 டிகிரி வாக்கிலேயே உறைந்து, பெட்டி விரிசல் விட்டுப்போகும். நடுவில் ஒருமுறை மீட்டர் வைத்துப் பாருங்கள்.

இரண்டு பேருக்குமே சொல்கிறேன்: சுவிட்ச் ஆஃபில் இருந்தால் கேஸ் டிடெக்டரும் வேலை செய்யாது. உள்ளே படுப்பதாக இருந்தால், அடுப்பையோ ஹீட்டரையோ தொடுவதாக இருந்தால், முதலில் ஆன் செய்யுங்கள். வீட்டு பிளக்கிலோ டிரக்கிலோ பேட்டரியை சார்ஜ் செய்யவும் அது ஆனில்தான் இருக்க வேண்டும். பிளக்கைச் செருகி ராத்திரி முழுக்க வைத்திருந்தாலும் ஆஃபில் கிடந்தால் ஒரு துளி ஏறாது.