பாக்கியம் பெயருக்கு முன்னால் ஒரு ஓட்டை

குழு: ஞானமுத்து குடும்பம்

சனிக்கிழமை

தாம்பரம் சித்தப்பா: எல்லோருக்கும் ஸ்தோத்திரம். மே மாதக் கூடுகைக்கான வம்சாவளிப் படத்தைப் புதன்கிழமை திருவல்லிக்கேணி அச்சகத்தில் கொடுக்கப் போகிறேன். தாத்தா கையால் எழுதி வைத்ததை அப்படியே தட்டச்சு செய்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

தாம்பரம் சித்தப்பா: ஞானமுத்து (விவாகம் 1741, 108 வயது வாழ்ந்தவர்). அவர் மகன் பாக்கியம். அவர் மகன் ஆபிரகாம் (பிறப்பு 1803). அதற்குக் கீழே நமக்குத் தெரிந்தவர்கள்தான்.

அயனாவரம் அத்தை: அருமை தம்பி. 108 வயது என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடு.

நான்: சித்தப்பா, ஒரு வாரம் பொறுக்க முடியுமா? மேலே இருக்கிற மூன்று பேரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பாக்கியத்துக்கு மட்டும் ஏன் வருஷம் போடவில்லை?

தாம்பரம் சித்தப்பா: தாத்தா போடவில்லை, நானும் போடவில்லை.

வேப்பேரி பெரியப்பா: அம்மா, அதைக் கிளறாதே. அப்பா வேண்டுமென்றேதான் விட்டார். அவரிடம் இருந்த இங்கிலீஷ் பதிவேட்டு நகலில் ஞானமுத்துவின் கலியாணம் 1741 ஏப்ரல் 12, பாக்கியத்தின் ஞானஸ்நானம் 1741 பிப்ரவரி 14. எது முன்னால் என்று நீயே பார். இத்தனை வருஷம் கழித்து யார் வீட்டுப் பெயரையும் கெடுக்க வேண்டாம்.

அயனாவரம் அத்தை: அய்யோ. இது எனக்குத் தெரியாதே.

நான்: பெரியப்பா, இதை நீங்கள் சொன்னதே நல்லதாகப் போயிற்று. பெயர் கெடுகிற விஷயமே இதில் இல்லை. இங்கிலீஷ்காரர்கள் 1752 வரைக்கும் வருஷத்தை மார்ச் 25-ல்தான் தொடங்கினார்கள். அவர்கள் கணக்கில் 1741 ஏப்ரல் முதலில் வரும், அப்புறம் மே, ஜூன் என்று போய், டிசம்பர் ஜனவரி தாண்டி, அதே 1741-க்குள்தான் பிப்ரவரியும் வரும். நம் காலண்டர்படி அது 1742 பிப்ரவரி. கலியாணம் முடிந்து பத்து மாசத்தில் குழந்தை.

பெங்களூர் அண்ணன்: நம்ம வசதிக்கு ஒரு வருஷம் தள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. எல்லா எழுத்தரும் அந்த வழக்கப்படிதான் எழுதினார்கள் என்று எப்படிச் சொல்வது? சிலர் 1741/42 என்று இரண்டையும் போடுவார்கள், சிலர் ஜனவரியிலேயே புது வருஷத்தைப் போட்டுவிடுவார்கள்.

நான்: சரியான கேள்வி அண்ணா, அதனால்தான் வேறு இரண்டு வழியிலும் பார்த்தேன். முதலாவது கிழமை. ஞானஸ்நானப் பதிவில் ஞாயிற்றுக்கிழமை என்று எழுதியிருக்கிறது. அவர்களுடைய பழைய காலண்டரில் பிப்ரவரி 14 நம் கணக்கில் 1741-ல் வந்தால் சனிக்கிழமை, 1742-ல் வந்தால் ஞாயிறு. நீங்களும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான்: இரண்டாவது, பெரியப்பா வீட்டுப் பைபிளின் முன்பக்கம். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது எடுத்த படம் இது. கலியாணம் துன்மதி வருஷம் சித்திரை, குழந்தை துன்மதி வருஷம் மாசி. நம் வருஷத்தில் சித்திரை முதல் மாசம், மாசி பதினோராவது மாசம். ஒரே துன்மதிக்குள் கலியாணம் முன்னால், குழந்தை பின்னால் என்று தெளிவாக இருக்கிறது. இதை எழுதியவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை, இங்கிலீஷ் தேதியோடு சேர்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் நமக்குக் குழப்பம் வந்தது.

அயனாவரம் அத்தை: துன்மதி அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வருமே. 1801-லும் வந்திருக்குமே கண்ணு.

நான்: வரும் அத்தை, 1741, 1801, 1861. இங்கிலீஷ் நகல் இருப்பதால்தான் இது 1741 என்று சொல்ல முடிகிறது. ஒன்றை மட்டும் வைத்திருந்தால் இரண்டிலுமே ஏமாந்திருப்போம்.

பெங்களூர் அண்ணன்: கிழமை பார்த்தேன், சரியாக வருகிறது. 1742-ல்தான் ஞாயிறு. அப்படியானால் தரங்கம்பாடியிலிருந்து வந்த நகலில் அதே கலியாணம் ஏப்ரல் 23 என்று இருக்கிறதே? இரண்டு தடவை கலியாணம் நடந்தது என்று தாத்தா எழுதியிருந்தாரே?

நான்: ஒரே கலியாணம்தான். தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் ஊர், அவர்கள் 1700-லேயே புதுக் காலண்டருக்கு மாறிவிட்டார்கள். இங்கிலீஷ்காரர்கள் மாறியது 1752 செப்டம்பரில், 2-ஆம் தேதிக்கு அடுத்த நாளை 14 என்று எழுதினார்கள். அதற்கு முன்னால் இரண்டு ஊருக்கும் நடுவில் 11 நாள் வித்தியாசம். சென்னையில் ஏப்ரல் 12 என்றால் தரங்கம்பாடியில் ஏப்ரல் 23. இரண்டு தாளிலும் ஞாயிற்றுக்கிழமை என்றே இருக்கிறது. பெண் வீட்டுச் சபை தரங்கம்பாடி, அதனால் அங்கேயும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வேப்பேரி பெரியப்பா: அப்பா அந்த ஒரு தேதிக்காக எவ்வளவு வருத்தப்பட்டார் தெரியுமா. அந்த நகலை மடித்துப் பைபிளின் கடைசிப் பக்கத்தில் வைத்துவிட்டு யாருக்கும் காட்டாதே என்றார். அவர் இருக்கும்போது இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

தாம்பரம் சித்தப்பா: அப்படியானால் பாக்கியம் 1742 என்று போட்டுவிடுகிறேன். முடிந்தது இல்லையா?

நான்: இல்லை சித்தப்பா. இனிமேல்தான் இருக்கிறது. பெரியப்பா, நாளைக்குக் கோவில் முடிந்ததும் பைபிளை வெயில் வெளிச்சத்தில் வைத்து, அந்தப் பக்கத்தின் முதல் மூன்று வரியை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புகிறீர்களா? என் படத்தில் இரண்டாவது வரியில் நிழல் விழுந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

வேப்பேரி பெரியப்பா: (படம்) (படம்) (படம்) மஞ்சள் துணியைப் பிரித்தேன், உள்ளே வைத்த வசம்பு வாசனை இன்னும் போகவில்லை. ஆனாலும் ராமபாணப் பூச்சி பழைய ஓட்டைகளைப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது. இரண்டாவது வரியில் ஒரு ஓட்டை, பின்னால் வெள்ளைத் தாள் வைத்து எடுத்திருக்கிறேன்.

நான்: ரொம்ப நன்றி பெரியப்பா, இதைத்தான் கேட்டேன். எல்லோரும் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். “ஞானமுத்து குமார” என்று வந்து, ஓட்டை, அப்புறம் “பாக்கியம்”. தாத்தா இதைக் குமாரன் என்று படித்தார். மூன்றாவது வரியில் “ஞானமுத்து குமாரன் ஆபிரகாம்” என்று முழுசாக இருக்கிறது. அங்கே ர-வுக்கு அப்புறம் ஒரே எழுத்து, உடனே இடைவெளி. இரண்டாவது வரியில் ஓட்டையே இரண்டு எழுத்து அகலம்.

பெங்களூர் அண்ணன்: ஓட்டை அகலத்தை வைத்து எழுத்தைச் சொல்ல முடியாது. வெறும் இடைவெளியைக்கூடப் பூச்சி தின்றிருக்கலாம்.

நான்: சரி, ஓட்டைக்குக் கீழே பாருங்கள். வரிக்குக் கீழே இறங்கி இடது பக்கம் வளைகிற ஒரு சின்னக் கோடு மிச்சம் இருக்கிறது. இதே ஆள் ன-வை எப்படி எழுதுகிறார், த-வை எப்படி எழுதுகிறார் என்று தேட வேறெங்கும் போக வேண்டாம், ஞானமுத்து என்ற பெயரிலேயே இரண்டும் இருக்கின்றன. அவருடைய ன வரியோடு நின்றுவிடுகிறது, கீழே இறங்குவதே இல்லை. த-வுக்கு மட்டும்தான் அந்த வால். புள்ளி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை, அதனால் குமாரததி என்று எழுதியிருப்பார்.

அயனாவரம் அத்தை: குமாரத்தியா? அப்போ பாக்கியம் பொம்பளைப் பிள்ளையா?

நான்: ஆமாம் அத்தை. ஞானமுத்துவின் மகள் பாக்கியம்.

தாம்பரம் சித்தப்பா: இங்கிலீஷ் நகலில் என்ன இருக்கிறது?

வேப்பேரி பெரியப்பா: ஞானமுத்துவின் பிள்ளை என்றுதான் இருக்கிறது, மகன் மகள் என்று பிரித்துச் சொல்லவில்லை. பாக்கியம் என்றால் பாக்கியநாதனின் சுருக்கம் என்றே அப்பா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பெங்களூர் அண்ணன்: ஒரு நிமிஷம். அவர் பெண் என்றால் ஆபிரகாம் அவருக்குப் பிறந்திருக்க முடியாது. 1742-ல் பிறந்தவருக்கு 1803-ல் 61 வயது.

நான்: அதேதான் அண்ணா! மூன்றாவது வரியைத் திரும்பப் படியுங்கள். ஆபிரகாமை ஞானமுத்து குமாரன் என்றுதான் பைபிள் சொல்கிறது. 1741-ல் கலியாணம் ஆனவருக்கு 1803-ல் எப்படிப் பிள்ளை பிறக்கும் என்று யோசித்து, எழுதியவர் தவறிவிட்டார் என்று முடிவு செய்து, தாத்தா ஆபிரகாமைப் பாக்கியத்துக்கு மகனாக்கினார். அவர் யோசித்தது நியாயம்தான். ஆனால் எழுதியவர் தவறவே இல்லை, இது வேறு ஞானமுத்து. அம்மாவின் அப்பா பெயரை வைத்துக்கொண்ட பேரன். பாக்கியத்தின் மகன்.

அயனாவரம் அத்தை: என் மகனுக்கு நான் அப்பா பெயரை வைத்த மாதிரி.

நான்: ஆமாம் அத்தை. முத்தியாலுபேட்டை வீட்டுப் பத்திரத்தில் ஃபசலி (நிலவரிக் கணக்கு வருஷம்) 1239-ல் கையெழுத்துப் போட்ட ஞானமுத்துவும் இந்தப் பேரன்தான். ஃபசலியோடு 590 கூட்டினால் 1829. கலியாணத்தின்போது 20 வயது என்று வைத்து, 1829 வரைக்கும் ஒரே ஆளை இழுத்ததில்தான் அந்த 108 வயது வந்தது.

தாம்பரம் சித்தப்பா: 108 வயதும் போயிற்றா. கூடுகையில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

பெங்களூர் அண்ணன்: பைபிளில் 1741-ல் எழுதியிருக்கிறார்கள் என்றால், நடுவில் ஒரு தலைமுறையை ஏன் எழுதாமல் விடுவார்கள்?

நான்: 1741-ல் எழுதியதில்லை அண்ணா. அந்தப் பைபிளே 19-ஆம் நூற்றாண்டில் அச்சானது. முதல் எட்டு வரியும் ஒரே மை, ஒரே கை, ஒரே சாய்வு. ஒரே நாளில் உட்கார்ந்து ஏதோ பழைய ஏட்டைப் பார்த்துப் படியெடுத்திருக்கிறார்கள். ஒன்பதாவது வரியிலிருந்துதான் மை மாறுகிறது. அடுத்தடுத்து இரண்டு வரியிலும் ஞானமுத்து என்று வந்ததால் படியெடுத்தவரின் கண் ஒரு வரியைத் தாண்டியிருக்கும் என்பது என் ஊகம். அந்த வரியில்தான் பாக்கியத்தின் புருஷன் பெயர் இருந்திருக்க வேண்டும்.

அயனாவரம் அத்தை: பெரிய அத்தைக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். 91 வயதாகிறது, கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். குரல் பதிவு அனுப்புகிறேன். காது கேட்காதவர்களுக்காக எழுதியும் போடுகிறேன்.

அயனாவரம் அத்தை: பெரிய அத்தை சொல்வது இதுதான். “வெள்ளைக்காரன் ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு, பிரெஞ்சுக்காரன் கோட்டையைப் பிடிச்சப்ப நம்ம ஆளுங்க ராத்திரியோட ராத்திரியா பழவேற்காட்டுக்கு நடந்தாங்க. சின்னப் புள்ள நடந்தா சத்தம் கேக்கும்னு அதோட கால் கொலுசைக் கழட்டி அவங்கம்மா மடியில முடிஞ்சுக்கிட்டாளாம். என் பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் தன் காலைத் தொட்டுக் காட்டுவா. ஆபிரகாம் தாத்தாவோட அக்கா பேரும் பாக்கியந்தான், பாட்டி பேரை வச்சாங்கன்னு சொல்லுவா.”

வேப்பேரி பெரியப்பா: கொலுசுக் கதை. நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை யார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நான்: எனக்கு அழுகை வருகிறது பெரியப்பா. பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தது 1746 செப்டம்பர். பாக்கியத்துக்கு அப்போது நாலரை வயது. பழவேற்காடு டச்சுக்காரர்கள் கையில் இருந்தது, அதனால் அங்கே போயிருக்கிறார்கள்.

பெங்களூர் அண்ணன்: வாய்க்கதையைத் தனியாக ஆதாரம் என்று வைக்க முடியாது. ஆனால் ஆபிரகாமின் அக்காவுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் என்பது பைபிளோடு சேர்ந்து வருகிறது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

நான்: கதையை ஆதாரமாக வைக்கவில்லை அண்ணா. த-வின் வால், 61 வயது, மூன்றாவது வரி, பத்திரம், அக்காவின் பெயர், இவை எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. கதையைப் படத்துக்குக் கீழே தனியாக, பெரிய அத்தை சொன்னது என்று போடுவோம்.

தாம்பரம் சித்தப்பா: அவர்கள் திரும்பி வந்தபோது வீடு எங்கே இருந்தது?

நான்: 1749-ல் ஊர் திரும்பவும் இங்கிலீஷ்காரர்கள் கைக்கு வந்தது. கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை இடித்து வெட்டவெளி ஆக்கிவிட்டார்கள், இப்போது ஹைகோர்ட் இருக்கிற இடம். இதைத் தாண்டி வீடு கட்டக்கூடாது என்று 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள், அதில் ஒன்று இன்னும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் பக்கத்தில் நிற்கிறது. தூண் நட்டபோது பாக்கியத்துக்கு 31 வயது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போது இனிமேல் என்னால் சும்மா போக முடியாது.

தாம்பரம் சித்தப்பா: அச்சகத்துக்குப் போன் செய்துவிட்டேன். அடுத்த திங்கள் வரைக்கும் நேரம் கொடுத்திருக்கிறார்கள். நான்கு பேராக மாற்றுகிறேன். ஞானமுத்து, மகள் பாக்கியம், அவர் மகன் ஞானமுத்து, அவர் மகன் ஆபிரகாம். சரிதானே?

நான்: சரி சித்தப்பா. இரண்டாவது ஞானமுத்துவுக்குப் பிறந்த வருஷம் போடாதீர்கள், நமக்குத் தெரியாது. அடுத்த மாசம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு மனு எழுதப் போகிறேன். 1798-க்கு முந்தின உயில்களுக்கு மேயர் கோர்ட் ஏடுகளைப் பார்க்க வேண்டும். பாக்கியத்தின் புருஷன் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் அங்கேதான் கிடைக்கும்.

வேப்பேரி பெரியப்பா: நானும் வருகிறேன் அம்மா. பழைய கையெழுத்து எனக்குக் கொஞ்சம் ஓடும்.

வேப்பேரி பெரியப்பா: (படம்) அப்பா வரைந்த படத்தைப் பார்த்துப் புதுசாக ஒரு தாளில் கையால் போட்டிருக்கிறேன், தம்பி இதைப் பார்த்து மாற்றிக்கொள்ளட்டும். பாக்கியம் பெயருக்குப் பக்கத்தில் புருஷன் பெயருக்கு எவ்வளவு இடம் விடட்டும்?

நான்: ஒரு முழு வரி விடுங்கள் பெரியப்பா.