பாலையில் கிளம்பி பைன் காட்டுக்கு ஏறும் சாலை: போய் வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஈசூன்:
எல்லாருக்கும் வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஃபீனிக்ஸ் நகரில் கார் வாடகைக்கு எடுத்து, செடோனா வழியாக ஃபிளாக்ஸ்டாஃப் வரை ஓட்டுவதாகத் திட்டம். நெடுஞ்சாலையிலேயே போனால் சுமார் 230 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாமா? எழுபதைத் தாண்டிய என் அம்மாவும் வருகிறார். அதனால்தான் கேட்கிறேன்.

தெம்பனிஸ்:
வணக்கம் சகோதரி. கிலோமீட்டரை ஓரமாக வையுங்கள். அந்தப் பாதையில் நீங்கள் பார்க்க வேண்டியது உயரத்தை. ஃபீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 330 மீட்டர். ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர். நம் சிங்கப்பூரிலேயே உயரமான புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெயில் ஆறேழு டிகிரி இறங்கும். ஜூனில் ஃபீனிக்ஸில் பகலில் 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும். ஃபிளாக்ஸ்டாஃபில் பகலில் சராசரியாக 26 டிகிரிதான், இரவில் பத்துக்கும் கீழே போய்விடும். ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைக்காதீர்கள்.

நாங்கள் போனதும் ஜூனில்தான், என் மாமியாரும் உடன் வந்தார். விடியும் முன்பே ஃபீனிக்ஸை விட்டுக் கிளம்பினோம். வெயில் ஏறுவதற்குள் பாலைவனத்தைக் கடந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. ஊர் எல்லை தாண்டியதும் இருபக்கமும் சகுவாரோ கள்ளி, ஆள் உயரத்தைப் போல ஐந்தாறு மடங்கு. அதற்கு முதல் கை முளைக்கவே பெரும்பாலும் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகுமாம். இரண்டு மூன்று கையோடு நிற்பதைப் பார்த்தால் நம் பாட்டன் காலத்து மரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிளாக் கேன்யன் சிட்டி தாண்டியதும் சாலை செங்குத்தாக ஏறும். ஏற ஏறக் கள்ளி குறைந்துகொண்டே வந்து, மேட்டுக்குப் போனதும் ஒன்றுகூட இருக்காது. வெறும் புல்வெளி. நீண்ட நேரம் உறையும் குளிரைச் சகுவாரோ தாங்காது. அதனால் 1,200 மீட்டருக்கு மேல் அதைப் பார்ப்பது அரிது. பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைத்து, கடைசிக் கள்ளி எங்கே என்று பார்த்துக்கொண்டே வரச் சொல்லுங்கள். என் மகனுக்கு அந்தப் பயணத்தில் இன்றும் நினைவிருப்பது அதுதான்.

அப்புறம் சாலை வெர்டே பள்ளத்தாக்குக்கு இறங்கி மறுபடி ஏறும். நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் விலகினால் மாண்டெசூமா கேசில். பழங்குடி மக்கள் சுண்ணாம்புப் பாறைக் குடைவில் கட்டிய ஐந்து அடுக்கு வீடு. நடைபாதை சமதளம், பெரியவர்களுக்குச் சிரமம் இல்லை. செடோனாவின் சிவப்புப் பாறைகளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி, 89ஏ சாலையில் ஓக் கிரீக் கேன்யன். ஓடையை ஒட்டியே போய், கடைசியில் கொண்டை ஊசி வளைவுகளில் மேலே ஏறினால் ஒரே பைன் காடு. பாண்டரோசா பைன் என்பார்கள். வெயில் பட்ட மரப்பட்டையில் மூக்கை வைத்துப் பாருங்கள், வெனிலா வாசனை வரும்.

மேலே ஓக் கிரீக் விஸ்டாவில் பழங்குடி மக்கள் வெள்ளி, டர்க்காய்ஸ் எனும் நீலப்பச்சைக் கல் நகைகளை மேசையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்கு லேசாக மூச்சு வாங்கியது. அதைப் பார்த்த ஒரு நவஹோ மூதாட்டி, தான் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து அவரை உட்கார வைத்தார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார். இவருக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இருவரும் வளையலைக் காட்டி, தோட்டைக் காட்டி ரொம்ப நேரம் பேசினார்கள். நாங்கள் ஃபிளாக்ஸ்டாஃப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. உங்கள் அம்மாவுக்காகச் சொல்கிறேன்: செடோனாவில் ஓர் இரவு தங்குங்கள். அது 1,300 மீட்டர், பாதி உயரம். உடம்பு பழகிக்கொள்ளும். இதய நோய், மூச்சுத் தொல்லை இருந்தால் கிளம்பும் முன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

செங்காங்:
சமையல் விஷயம் நான் சொல்கிறேன் அக்கா. இங்கிருந்து ரைஸ் குக்கர் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120. சரியாகச் சூடு ஏறாது. அங்கேயே சின்னதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, ஃபிளாக்ஸ்டாஃப் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ரொம்ப நேரம் பிடிக்கும். சீக்கிரம் வேகும் பாசிப்பருப்புதான் தோது. தேக்கா சந்தையில் வாங்கிப் போன முறுக்குப் பாக்கெட் எல்லாம் மேலே போனதும் பலூன் மாதிரி உப்பிவிட்டது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அப்படி. பயப்பட ஒன்றுமில்லை.

ஜூரோங்:
எங்கள் பயணம் டிசம்பர் விடுமுறையில். ஃபீனிக்ஸில் டி-சட்டை போதும். ஃபிளாக்ஸ்டாஃபில் பனி கொட்டியது. பிள்ளைகள் முதல்முறை பனியைத் தொட்ட சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது. ஆனால் பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் கொண்டை ஊசி வளைவுகளை விட்டுவிட்டு நெடுஞ்சாலையிலேயே, அதுவும் பகலில் போவது நல்லது. பொழுது சாயும் நேரத்தில் எல்க் மான்கள் சாலைக்கு வரும். ஆண் மான் 300 கிலோவைத் தாண்டும். ஒன்று குறுக்கே போனால் நின்று பாருங்கள், பின்னாலேயே இன்னும் சில வரும்.

மற்றபடி, ஜூன் பாதிக்கு மேல் என்றால் புழுதிப் புயல் வரலாம். சிக்கினால் சாலையை விட்டு முழுதும் ஒதுங்கி, எல்லா விளக்கையும் அணைத்து, கைப்பிரேக் போட்டு, காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். பின்விளக்கு எரிந்தால், அங்கேதான் சாலை இருக்கிறது என்று நினைத்துப் பின்னால் வருபவர் வந்து மோதிவிடுவார்.

ஈசூன்:
மிக்க நன்றி. செடோனாவில் ஓர் இரவு தங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். என் கணவர் ஒன்று கேட்கிறார்: திரும்பி வரும்போது மலை இறக்கம் எப்படி? பக்கத்து மலேசியாவின் ஜொகூர் தாண்டி அவர் ஓட்டியதில்லை.

தெம்பனிஸ்:
ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து நெடுஞ்சாலையில் கீழே வருவது நீண்ட இறக்கம். ஆட்டோ கியர் காராக இருந்தாலும் சின்ன கியருக்கு மாற்றி, எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி விடச் சொல்லுங்கள். பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கார் எடுக்கும் இடத்திலேயே கியரை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளட்டும். அனைத்துலக ஓட்டுநர் அனுமதியைச் சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்தில் எடுத்துவிடுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் நாள் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கி, நன்றாகத் தூங்கி எழுந்து மறுநாள் சாவியை வாங்கினால் போதும்.