‘தமிழ்ப்படம்’ பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த என் மாமா

செந்தூல்காரன்:
ஹீரோ வழிபாட்டைக் கிண்டலடித்த படம் என்றால் எனக்கு முதலில் வருவது 2010இல் வந்த ‘தமிழ்ப்படம்’தான். அதை நான் பார்த்தது கோலாலம்பூர் செந்தூலில், மாமா வீட்டு ஹாலில், டிவிடியில். மாமா யார் என்று சொன்னால்தான் கதை புரியும். ரஜினி படம் வரும் ஆண்டில் லீவில் ஒரு நாளைத் தொடவே மாட்டார், அது முதல் காட்சிக்கு. யாராவது தலைவரை வெறும் பெயர் சொல்லிப் பேசிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அவரை வம்புக்கு இழுக்கத்தான் அந்த டிவிடியைக் கொண்டுபோனேன். சினிமாப்பட்டி என்று ஓர் ஊர், ஆண் குழந்தை பிறந்தால் வளர்ந்து சென்னைக்குப் போய் ஹீரோ ஆகித் தொலைக்கும் என்று கள்ளிப்பால் கொடுக்கிறார்கள். அதிலேயே மாமா சாய்ந்துவிட்டார். பொடியன் பாட்டியிடம் நான் எப்போது பெரியவன் ஆவேன் என்று கேட்க, சைக்கிள் சக்கரம் சுற்றி நிற்பதற்குள் ஹீரோ சிவா ஆளாகி நிற்பாரே, அந்த இடத்தை ரிமோட்டைப் பிடுங்கி மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். அப்புறம் பெண்ணின் அப்பா காபி குடித்து முடிப்பதற்குள் ஹீரோ கோடீஸ்வரன் ஆகும் காட்சி. “மாமா, ஒரே பாட்டில் பணக்காரன் ஆவது ‘அண்ணாமலை’ கணக்குதானே?” என்று மெல்ல எடுத்துக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: “சே சே, இது வேற யாரையோ சொல்றான்டா.”

படத்தின் பலமும் பலவீனமும் எனக்கு அந்த ஒரு வரியில்தான் தெரிந்தது. இயக்குநர் சி.எஸ். அமுதன் ஒரே நடிகரைப் பிடித்து உலுக்காமல் மொத்தச் சூத்திரத்தையும் கழற்றிப் போட்டிருக்கிறார், அதனால் யாருக்கும் கோபம் வராமல் எல்லோரும் சிரிக்க முடிகிறது. சிவாவும் சிரிக்க வைக்கிறேன் பார் என்று துள்ளுவதில்லை, ஏதோ பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி பஞ்ச் வசனம் பேசுகிறார். ஆனால் கட் அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறானே, அவன் பக்கம் கேமரா திரும்பவே இல்லை. ஹீரோவுக்கு விழுந்த அடியில் பத்தில் ஒன்றாவது ரசிகனுக்கு விழுந்திருக்க வேண்டும்.

2016 ஜூலையில் ‘கபாலி’ வந்தபோது அதே ஹாலில், அதே பாயில் உட்கார்ந்து மாமா பழைய பேப்பரைத் துண்டு துண்டாக வெட்டிப் பிளாஸ்டிக் பையில் அமுக்கிக்கொண்டிருந்தார், திரையில் தலைவர் வந்ததும் வீசுவதற்கு. அத்தை கேட்டதற்கு, “விமானத்துலயே தலைவர் படத்தை வரைஞ்சுட்டான், நான் பேப்பர் வெட்டக் கூடாதா?” என்றார். ஏர் ஏசியாவைத்தான் சொன்னார்.

பட்டர்வொர்த் அக்கா:
எனக்கு வேறு மாதிரி அனுபவம் தம்பி. போன விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இது எந்தப் படத்தைக் கிண்டல் செய்கிறது என்று பாடம் எடுத்து எனக்கே தொண்டை வறண்டுவிட்டது. மூலப்படம் பார்க்காதவர்களுக்குப் பாதி நகைச்சுவை ஊமைதான். மனோபாலா, எம்.எஸ். பாஸ்கர், வெண்ணிற ஆடை மூர்த்தி மூவரும் ஹீரோவின் இளவட்ட நண்பர்களாக வந்ததற்கு மட்டும் விளக்கம் தேவைப்படவில்லை, விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஓ மகசீயா” பாட்டில் பழைய பாட்டுகளில் வந்த அர்த்தமில்லாத சொற்களாகக் கோத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது சின்னவள் நம்பவே இல்லை, நல்ல காதல் பாட்டு என்று சாதித்தாள்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். கதாநாயகிக்கு வேலையே கொடுக்காத படங்களைக் கிண்டல் செய்கிறோம் என்று சொல்லி, திஷா பாண்டேவுக்கும் வேலை கொடுக்கவில்லை. அது கிண்டலா சோம்பலா என்று தெரியவில்லை. இடைவேளைக்குப் பிறகு நான் எழுந்து மீன் கழுவப் போய்விட்டேன்.

மாமாக் மேசை:
மூலப்படம் பார்க்காவிட்டால் பாதி ஊமை என்று அக்கா சொன்னது இரண்டாம் பாகத்துக்கு இன்னும் பொருந்தும். 2018இல் வந்தது. தமிழ்நாட்டு அரசியல்வாதி ஓ.பி.எஸ். ஜெயலலிதா சமாதியில் செய்த தியானத்தைக் கிண்டலடித்த போஸ்டருக்கு, தட்டில் இருந்த ரொட்டி சானாய் ஆறும்வரை சிரித்தோம். படத்தில் வில்லனாக நடித்த சதீஷ் வேஷம் மாற்றி மாற்றி வந்தார், எந்த வேஷம் எந்தப் படம் என்று கண்டுபிடிப்பதிலேயே நேரம் போனது, பரீட்சை மாதிரி.

செந்தூல்காரரே, மாமா அதைப் பார்த்தாரா?

செந்தூல்காரன்:
பார்த்தார். அதுவும் மற்றவர்களைப் பற்றிய படம்தானாம்.