பழைய மௌசர் ரைபிள்: குண்டு இடம் மாறி விழுகிறது, வாங்கலாமா? (உதவி தேவை)

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்:

வணக்கம். தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லைக்காக உரிமத்துடன் 12 போர் (bore) அளவுள்ள மடக்குத் துப்பாக்கி வைத்திருப்பவன் நான். ரைபிளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், 1948-இல் மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய பிறகு ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகத் தோட்டத்தைக் காவல் காத்த என் தாத்தா, பெரட்டுக்களத்தில் உட்கார்ந்து சொன்ன .303 ரைபிள் கதைகள் மட்டுமே.

என் மருமகன் ஆஸ்திரேலியாவில், இன்னிஸ்ஃபெயில் பக்கத்துக் கரும்புப் பண்ணையில் வேலை செய்கிறார். அங்கும் பன்றிதான் பகை. முறையான உரிமம் பெற்று, ஜெர்மன் ராணுவ ரைபிளான மௌசர் 98-ஐ வேட்டைக்காக மாற்றி .30-06 தோட்டாவுக்கான குழல் பொருத்திய ரைபிள் ஒன்றை விலை பேசியிருக்கிறார். விற்பவரோடு சுடுதளத்தில் சோதித்தபோது, 100 மீட்டரில் முதல் மூன்று குண்டுகள் 4 சென்டிமீட்டருக்குள் விழுந்தன. குழல் சூடேறியதும் குண்டுகள் மேலேயும் இடப்பக்கமாகவும் நகர்ந்து, எட்டாவது குண்டு 11 சென்டிமீட்டர் தள்ளிப் போய்விட்டது. மேலும், ஒற்றைத் தோட்டாவை நேராகக் குழலில் போட்டு மூடினால், குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் மூட மறுக்கிறது. இவை விட்டுவிட வேண்டிய குறைகளா, சரிசெய்யக்கூடியவையா?

தாப்பா வேட்டைக்காரர்:

முதலில் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் தாங்கும் திருகாணிகளை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். துப்பாக்கி மேல் சுமத்தப்படும் பழியில் பாதி அந்தத் திருகாணிகளுக்குச் சேர வேண்டியது.

ஈப்போ ஓய்வாளர்:

படையில் ஆயுதப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். திருகாணி தளர்ந்திருந்தால் குண்டுகள் திசையின்றிச் சிதறும். இங்கே அவை சூடேற ஏற ஒரே பக்கமாக நகர்வதால், குழலைத் தாங்கும் துப்பாக்கிக் கட்டையின் மரம் குழலைத் தொடுகிறது என்றே சந்தேகிக்கிறேன். மழை அதிகமுள்ள ஊரில், நம் லயத்துக் கதவு மழைக்காலத்தில் இறுகுவதைப் போலவே கட்டையும் ஈரம் குடித்து உப்பும். போல்ட்டை வெளியே எடுத்து, துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒரு பண நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து, முன்முனையிலிருந்து பின்னால் இழுக்கச் சொல்லுங்கள். நோட்டு நிற்கும் இடத்தில்தான் வினை இருக்கிறது. (கட்டையின் நுனி குழலை வேண்டுமென்றே தாங்குமாறு செய்யப்பட்ட ரைபிள்களும் உண்டு என்பதால், சுரண்டும் வேலையைத் துப்பாக்கிக் கடைக்காரரிடமே விடுவது நல்லது.)

ஒற்றைத் தோட்டா விஷயம் குறையே அல்ல. மௌசர் 98-இல் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினிலிருந்து தோட்டா மேலேறும்போதே, போல்ட்டின் பக்கத்திலுள்ள நீண்ட கொக்கி அதன் அடிவிளிம்பைப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பிடிதான் இந்தத் துப்பாக்கியின் பெரும் பலம்; பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் நிறுத்தி மறுபடி இழுத்தாலும் தோட்டா கொக்கியிலேயே இருக்கும். நேராகக் குழலில் போட்டால் கொக்கி விளிம்பைத் தாண்டிக் குதிக்க வேண்டியிருப்பதால் மூடாது, பலவந்தப்படுத்தினால் கொக்கியே உடையலாம். எப்போதும் மேகசின் வழியாகத்தான் ஊட்ட வேண்டும்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. ராணுவ மௌசரின் அசல் தோட்டாவின் உறை 57 மில்லிமீட்டர் நீளம், .30-06-இன் உறையோ 63 மில்லிமீட்டர். நீளமான தோட்டாவுக்கு இடம் தருவதற்காக, தோட்டா ஏறும் சரிவில் இரும்பை அரைத்து எடுப்பார்கள். அளவு மீறினால், போல்ட்டைப் பூட்டும் பற்களில் கீழ்ப்பல் சாய்ந்து நிற்கும் இடமே பலவீனமாகிவிடும், அதற்கு மருந்து கிடையாது. சுட்டபின் போல்ட் கைப்பிடியைத் தூக்கக் கடினமாக இருந்தால், பற்கள் இருக்கையில் பதிந்து போயிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கட்டையைக் கழற்றி அந்த இடத்தைப் பார்க்கவும், தோட்டா அறையின் நீளத்தைக் குட்டை, நெட்டை என்ற இரண்டு அளவுகோல்களால் சோதிக்கவும் கடைக்காரரிடம் கேளுங்கள். குட்டையானதன் மேல் போல்ட் மூட வேண்டும், நெட்டையானதன் மேல் மூடக் கூடாது.

தாப்பா வேட்டைக்காரர்:

அண்ணன் சொன்னது சரி. எனினும் கரும்புக்காட்டில் பன்றி 50 மீட்டருக்குள் வரும்போது எட்டாவது குண்டு எங்கே போகிறது என்பது யாருக்கு வேண்டும்? இரண்டாவது குண்டுக்குக் கை எவ்வளவு விரைவாகப் போல்ட்டை இழுக்கிறது என்பதுதான் கேள்வி. இரட்டைக்குழல் துப்பாக்கியின் முன் போல்ட் ரைபிள் தோற்பது அங்கேதான்.

செம்பனைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. திருகாணிகள் இறுக்கமாகவே இருந்தன. நோட்டு வலப்பக்கத்தில், நுனியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நின்றுவிட்டதாம். அந்த இடத்தில் மரம் பளபளவென்று தேய்ந்திருந்ததைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கடைக்காரர் அங்கே சுரண்டி எண்ணெய் பூசிக் கொடுத்த பிறகு, பத்துக் குண்டுகளும் 5 சென்டிமீட்டருக்குள் விழுந்தன. அளவுகோல் சோதனையும் தேறியது, கீழ்ப்பல்லின் பின்னால் இரும்பு போதுமான அளவு இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் பாக்கி: பழைய பாதுகாப்புத் தாழ் செங்குத்தாக எழும்பும்போது ஸ்கோப்பில் இடிக்கிறது.

ஈப்போ ஓய்வாளர்:

அது அந்த மாதிரியின் பிறவிக் குணம், பக்கவாட்டில் திரும்பும் தாழ் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு, தோட்டா இல்லாமல் தாழைப் போட்டு, விசையை இழுத்து விட்டுவிட்டு, தாழை விடுவித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது 'டக்' என்று ஊசி விழுந்தால், அன்றே கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.