குட்டிப் பயோனெட்: சின்னமலை காலத்ததா, மேசைக் கத்தியா?

ஊதியூரான்: பயோனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி, அதைப் போலவே குட்டியாக ஒன்று காங்கயம் பக்கம் அப்புச்சி வீட்டுப் பழைய பெட்டியில் கிடைத்தது. மொத்த நீளம் 18 செ.மீ., அலகு மட்டும் 11. மரப்பிடி, குறுக்குக் கட்டை, அதில் வளையம், அலகில் இருபுறமும் பள்ளம். வளையத்துக்குள் ஒரு பென்சில்தான் இறுக்கமாக நுழைகிறது. முத்திரை தெரியவில்லை. இது என்னங்க?

ஓடாநிலைவாசி: தயவுசெய்து விற்றுவிடாதீங்க. 1801-இல் காவிரிக்கரை, 1802-இல் ஓடாநிலை, 1804-இல் அறச்சலூர் என்று தீரன் சின்னமலை கும்பினிப் படையோடு (கிழக்கிந்தியக் கம்பெனிப் படை) மோதிய மண் இது. அந்தச் சண்டையில் கைமாறிய ஆயுதமாக இருக்கலாம்.

கடைசல்காரன்: சின்னமலை பெயரைச் சொல்வதென்றால் ஆதாரம் சுத்தமாக இருக்கணும். கும்பினிச் சிப்பாய்கள் கையில் இருந்தது பிரவுன் பெஸ் என்ற துப்பாக்கி. அதன் பயோனெட்டுக்குப் பிடியே கிடையாது. ஒரு குழாய், அதைத் துப்பாக்கி வாயில் மாட்டினால் பக்கவாட்டில் சுமார் 17 அங்குலத்துக்கு முக்கோண அலகு நீட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் சொல்லும் அமைப்பு, பின்னால் வந்த லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் 1907 மாதிரி பயோனெட். அதற்கும் அலகு 17 அங்குலம்தான், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் அதை 12 ஆகக் குறைத்தார்கள். 11 செ.மீ. எங்கே, 12 அங்குலம் எங்கே!

ஓடாநிலைவாசி: சரி, சின்னமலை காலம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பள்ளிப் பையன்களின் பயிற்சிக்குச் சின்னத் துப்பாக்கி உண்டே? அதற்கானதாக இருக்கலாமே. எடுத்ததும் பொம்மை என்று தள்ளாதீங்க.

கடைசல்காரன்: பொம்மை என்று நான் சொல்லவே இல்லைங்க. கணக்குப் பாருங்கள். 0.22 பயிற்சித் துப்பாக்கியின் குண்டே 5.6 மி.மீ. பென்சில் தடிமன் 7 மி.மீ. அப்படியானால் இந்த வளையத்துக்குள் நுழையும் குழலின் சுவர் 0.7 மி.மீ., தகர டப்பா கனம். முதல் வெடியிலேயே கிழிந்துவிடும். இந்த வளையம் எந்தத் துப்பாக்கியிலும் ஏறியதில்லை. பிடியின் நுனியைப் பாருங்கள். அசலில் துப்பாக்கியோடு பூட்ட ஒரு காடியும் அழுத்துகிற பொத்தானும் இருக்கும்.

ஊதியூரான்: பொத்தான் அசையவில்லை. காடியும் இல்லை.

பேரூர்ப் பழம்பொருள்: அப்படியென்றால் கடிதம் பிரிக்கும் கத்தி. ஜெர்மனியில் ஜோலிங்கன் ஊர்க் கத்திப் பட்டறைகள் இப்படிக் குட்டிப் பயோனெட்டுகள் செய்து அன்பளிப்பாகக் கொடுத்தன. பட்டாளத்துக்காரர்கள் மேசையில் வைத்துக்கொள்வார்கள்.

கடைசல்காரன்: கடிதக் கத்தி என்பது சரி. ஜோலிங்கன் என்பதை ஏற்க மாட்டேன். அங்கே செய்தவர்கள் பெரும்பாலும் அலகில் தங்கள் முத்திரையை அடித்திருப்பார்கள். எனக்கு இது அசலைக் கையில் பிடித்துப் பழகிய ஒருவர் பட்டறையில் அரத்தால் ராவி எடுத்ததாகப் படுகிறது. பள்ளத்துக்குள் கோடுகள் முன்னும் பின்னும் ஏறுமாறாக இருந்தால் கைவேலை. அப்புச்சி வீட்டில் யாராவது பட்டாளத்தில் இருந்தார்களா?

ஊதியூரான்: அப்புச்சியின் தம்பி இருந்தார். கோடுகள் ஏறுமாறாகத்தான் இருக்கின்றன.

பேரூர்ப் பழம்பொருள்: துருவுக்கு அடியில் முத்திரை மறைந்திருக்கலாம். நான் இன்னும் ஜோலிங்கன் பக்கம்தான்.

ஓடாநிலைவாசி: யார் செய்திருந்தாலும் குடும்பத்திலேயே இருக்கட்டும். புளி போட்டுத் தேய்க்காதீங்க.

கடைசல்காரன்: உப்புத்தாளும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துப் போகும், தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடையுங்கள். அப்புறம் குறுக்குக் கட்டையை ஒட்டிய அலகின் அடிப்பகுதியைச் சாய்ந்த வெயிலில் இருபுறமும் படம் எடுத்துப் போடுங்கள்.