மறு: கேஸ் டம்ளருக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவுல ஒருத்தர் சுட்டு முடிச்ச பித்தளைத் தோட்டாக் கூட்டை வீட்லயே சுத்தம் பண்ணி, மறுபடி வெடிமருந்து அடைக்கிறதப் பத்தி எடுத்த வீடியோவுக்கு சப்டைட்டில் எழுதுறேன். அதுல கூட்டைச் சுத்தம் பண்ற மெஷினுக்குப் பேருதான் கேஸ் டம்ளர். நம்ம சிங்கப்பூர்ல இதை வீட்ல செய்ய சட்டம் விடாது. என்எஸ்ல, அதான் கட்டாய ராணுவச் சேவையில, ரேஞ்சுல சுட்டதும் காலிக் கூட்டை ஒண்ணு விடாம பொறுக்கி எண்ணிக் குடுத்துட்டு, கையில ஒண்ணும் இல்ல சார்னு சொல்லிட்டுத்தான் வெளிய வருவோம், அப்பவும் நாங்க 'பிராஸ்'னுதான் சொன்னோம், தமிழ்ச் சொல் யாருக்கும் தேவைப்படல. இப்ப தேவைப்படுது. 'டம்ளரில் இட்டு இரண்டு மணி நேரம் ஓடவிடவும்'னு எழுதினதப் படிச்சுட்டு எங்க அம்மா எந்த டம்ளர்னு கேட்டாங்க.

------

தம்பி, 'உருளி' போதும். உருள் + இ, கருவிப்பெயர். தோட்டா தமிழ் இல்லை, 'வெடியுறை'னு வைங்க. துப்பாக்கியும் துருக்கிப் பக்கத்துலருந்து வந்த சொல்தான். பன்னிரண்டாம் குறள்லயே துப்பாக்கி இருக்குன்னு மேடையில பேசுறாங்க, அது 'துப்பு ஆக்கி', உணவை உண்டாக்கின்னு பொருள், மழையைச் சொல்றது. இதைத் தனி மடலா விரிவா எழுதுறேன்.

------

ஐயா, எங்க அம்மாச்சி நாகர்கோவில். உருளின்னா எங்களுக்குப் பாயசம் கிண்டுற வெண்கலப் பாத்திரம், வேற எதுவும் தோணாது. 'உறை'ன்னா தலையணைக்குப் போடுறது. புளியம்பழத்தோட ஓட்டை 'கோது'ம்போம், உள்ள இருந்தது போயிட்டா மிஞ்சுறது அதுதான, 'தோட்டாக் கோது'னு சொல்லிப் பாருங்க.

வேலைக்குச் சொல் 'துலக்கு'. தேக்காவுல வாங்கின குத்துவிளக்கைப் புளி போட்டுத்தான துலக்குறோம்? புளியில இருக்கிறது டார்டாரிக் ஆசிட், வீடியோவுல அந்த ஆள் தண்ணியில போடுறது சிட்ரிக் ஆசிட், ரெண்டும் கருத்த கறையைக் கரைக்குது.

------

அக்கா சொன்ன 'துலக்கு' எனக்குச் சரியாப் படுது. உருளி ஏன் சரிவராதுன்னா, இந்த மெஷின் ரெண்டு வகை. ஒண்ணு டிரம் மாதிரி உருளும், உள்ள தண்ணி, சோப்பு, நகம் நீளத்துல எவர்சில்வர் ஊசி. ஓடி முடிஞ்சு மூடியைத் திறந்தா தண்ணி மை மாதிரி கருப்பா ஊத்துது, அதுக்கடியில கூடெல்லாம் புதுக் காசு மாதிரி கிடக்கு. இன்னொண்ணு உருளவே உருளாது, தொட்டி அதிரும், அதுல வால்நட் ஓட்டுத்தூளோ சோளச் சக்கையோ போட்டுக் காய வச்சே தேய்க்கிறாங்க, அந்தத் தூசியில ஈயம் இருக்கும், மூக்குல ஏறக்கூடாது.

'மெருகேற்றி'னு ஒரு அண்ணன் தனியா எழுதியிருந்தாரு, மன்னிக்கணும் அண்ணே, அதை நான் போடவே மாட்டேன். மெருகுன்னு படிச்சதும் அலமாரியில இருக்கிற பித்தளை பாலிஷைத்தான் கை தேடும், அதுல அமோனியா கலந்தது உண்டு. தோட்டாப் பித்தளையில 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம், உள்ளுக்குள்ள இறுக்கம் வேற, அமோனியா பட்டா விரிசல் விடக்கூடும். இந்தியாவுல பிரிட்டிஷ் ராணுவம் வச்சிருந்த தோட்டாக்களோட கூடு மழைக்காலத்துல சும்மா இருக்கும்போதே விரிசல் விட்டுது, குதிரை லாயத்து அமோனியாதான் காரணம்னு 1921ல தெளிவாச்சு. விரிஞ்ச கூட்டுல மருந்து அடைச்சுச் சுட்டா சுடுறவன் முகத்துக்கே ஆபத்து. ஒரு சொல்லு தப்பானா ஒருத்தர் கண்ணே போயிடலாம், அதுக்காகத்தான் இவ்வளவு கேக்குறேன்.

அதனால 'துலக்கி'. ஐயாவோட இகரம், அக்காவோட வினை. உருள்துலக்கி, அதிர்துலக்கி, ரெண்டும் வினைத்தொகை.

------

துலக்கி வினையெச்சமும் ஆகுமே தம்பி? 'துலக்கியில் துலக்கி எடுக்கவும்' என்று வந்தால் எப்படிப் படிப்பது? 'துலக்குகலன்' பிழையற்றது. தோட்டாவை நான் இன்னும் ஏற்கவில்லை.

------

ஐயா, வேற்றுமை உருபு வந்துட்டா குழப்பம் இருக்காது, திரையில ரெண்டு வரிதான் இடம், துலக்குகலன் நீளம். ஆறு பேர் துலக்கிக்குச் சரின்னுட்டாங்க. தோட்டாவும் கூடும் அப்படியே போகுது, கோதுன்னா உட்லண்ட்ஸ்ல நான் பாடம் சொல்லிக்குடுக்குற பிள்ளைங்க ஒருத்தருக்கும் தெரியல, கேட்டுப் பாத்தேன். ஃபைல் இன்னிக்கு ராத்திரி அனுப்புறேன்.

------

தெரியலன்னா சொல்லிக் குடுங்க தம்பி, நாளைக்கு ஒரு புளியம்பழத்தைக் கொண்டு போய் உடைச்சுக் காட்டுங்க. கோதுதான்.